பேக்லைட் ஸ்பேசர்: சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் கார்பரேட்டர் காருக்கு எவ்வளவு உதவும்?

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும் என் பழைய கார், நெடுந்தூரம் ஓடி நின்று 20 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மட்டும், பத்துப் பன்னிரண்டு விநாடிகள் சுற்றிய பிறகே கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெறும். அணைத்த உடனே திருப்பினால் இந்தத் தொல்லை இல்லை. சில மணி நேரம் ஆறவிட்டாலும் இல்லை. இதற்குத் தீர்வு என்று விற்கப்படும் 8 மி.மீ. தடிமனுள்ள பேக்லைட் ஸ்பேசரை (சூட்டை எளிதில் கடத்தாத கெட்டிப் பிளாஸ்டிக்காலான இடைத்தகடு) வாங்கி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்கும் அந்தக் கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையில் பொருத்தி மூன்று மாதங்கள் ஆகின்றன.

எஞ்சின் ஓடும்போது விசிறிக் காற்றும், இடைவிடாமல் வந்து சேரும் புதுப் பெட்ரோலும் கார்பரேட்டரைச் சூடேறாமல் காக்கின்றன. அணைத்ததும் இரண்டும் நின்றுவிட, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு மேலேறி, கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பரை எட்டுகிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்குபவை என்பதால், எழும் குமிழிகள் பெட்ரோலை மெயின் ஜெட் என்ற நுண்துளை வழியாக வெளியே தள்ளிவிடுகின்றன. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அணைத்த சிறிது நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கார்பரேட்டரின் தொண்டையில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுவதைக் கண்டேன். அளவுக்கு மீறிச் சேர்ந்த அந்தப் பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகளும் நனைந்தே இருந்தன.

ஸ்பேசரின் தரத்தில் குறை சொல்ல முடியாது. இரு முகங்களும் சமதளமாக இருந்தன. இரு பக்கத்துக்கும் கேஸ்கெட் கொடுத்திருந்தார்கள். ஆனால் உடன் வந்த ஸ்டட்டுகள் (நட்டு முடுக்கும் மரைத் தண்டுகள்) குட்டையானவை. நட்டு பாதி மரையைத்தான் பிடித்தது என்பதால் நீளமானவற்றைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. குறிப்புத் தாளில் ‘நன்றாக இறுக்கவும்’ என்று மட்டும் இருப்பது அதைவிடப் பெரிய குறை. அப்படி ஒரே மூச்சில் இறுக்கினால் கார்பரேட்டரின் ஃபிளேஞ்ச் (அடி விளிம்பு) வளைந்து, காற்றுக் கசிவு உண்டாகி, ஐடிலிங் தடுமாறும். இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, எஞ்சின் சிலமுறை சூடாகி ஆறிய பின் மீண்டும் சரிபார்ப்பதே முறை. கார்பரேட்டர் உயர்ந்துவிடுவதால் ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் சற்றே திருத்த வேண்டியிருந்தது. பானட் இடிக்குமோ என்ற ஐயத்தில் ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து மூடிப் பார்த்தேன், நசுங்கவில்லை.

இப்போது சூட்டிலும் இரண்டு மூன்று விநாடிகளில் கார் கிளம்பிவிடுகிறது. உச்சி வெயிலில் நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்திய நாட்களில் மட்டும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பலரும் பதற்றத்தில் செய்வதுபோல விட்டு விட்டு மிதித்தால், ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் பெட்ரோல் உள்ளே பீய்ச்சப்பட்டு நிலைமை மோசமாகும்.

இருப்பினும், ‘சூட்டில் ஸ்டார்ட் ஆகாத கோளாறு அனைத்துக்கும் தீர்வு’ என்று உறையில் அச்சிட்டிருப்பதை ஏற்க இயலாது. என் காரில் பாதிக் கோளாறு ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் பெட்ரோல் வரவை நிறுத்த வேண்டிய நீடில் வால்வு தேய்ந்துபோனதில் இருந்தது. ஸ்பேசரைத் தொடுவதற்கு முன்பே அதை மாற்றி, ஃப்ளோட் மட்டத்தையும் சரிசெய்தபோது சொட்டுவது கண்கூடாகக் குறைந்தது; எஞ்சியதைத்தான் ஸ்பேசர் தீர்த்தது. பிளக்குகள் உலர்ந்திருந்தால் கதையே வேறு. எஞ்சினை அணைத்த நிலையில் ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால், ஃப்ளோட் சேம்பர் வற்றியிருக்கக்கூடும், பம்ப் அதை மீண்டும் நிரப்பும்வரை எஞ்சின் வெறுமனே சுற்றும். பெட்ரோல் வந்தும் கிளம்பாவிட்டால், சூட்டில் தளர்ந்துபோகும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். செல்ஃபே மந்தமாகச் சுற்றினால் பேட்டரி எர்த் ஒயரிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு ஸ்பேசர் வாங்குவது வீண் செலவு.

ஸ்பேசர் சூட்டைத் தடுப்பதால் குளிர்ந்த கார்பரேட்டர் சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது; எனவே காலையில் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பு) முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். ஸ்டட்டுகள் சரியான நீளத்தில் இருந்திருந்தால் நான்கு.