மன்ற மென்பொருள்: நடுராத்திரி யாரைப் போய்ப் பிடிப்பது?

"இணையத்தில் விவாத மன்றம் ஒன்று தொடங்கலாம்னு இருக்கேன், எந்த மென்பொருள் நல்லது?" என்று கேட்பவர்களிடம் வசதிப் பட்டியலை நீட்டுவதை நான் விட்டு நாளாயிற்று. எதை எடுத்தாலும் திரி (ஒரு விவாதம்) தொடங்கலாம், பதில் எழுதலாம், படம் ஏற்றலாம், வம்பு செய்பவரைத் தடை செய்யலாம். அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நடுராத்திரி தளம் படுத்துவிட்டால் யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்?

மன்ற மென்பொருள்களில் நான்கை எடுத்துக்கொள்வோம். பிஎச்பிபிபி என்றால், பெரும்பாலும் ஒரு நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை; ஆட்-ஆன், ப்ளகின் என்பதும் இதுவே) பொழுதுபோக்காக எழுதிப் போட்ட தன்னார்வலரை. சென்ஃபோரோ என்றால், ஆட்-ஆன் விற்றவரை. லைசென்ஸ் உயிரோடு இருந்தால் நிறுவனத்தையும். டிஸ்கோர்ஸை நீங்களே நிறுவியிருந்தால் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை முன்னால் நீங்களேதான் உட்கார வேண்டும். ஃப்ளாரம் என்றால் கம்போசர் என்ற நிறுவல் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டும். அட்மின்கள் புலம்புவதைக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். "இந்த வசதி இல்லை" என்பது கொஞ்சம்தான் இருக்கும். "இது என் கையில் இல்லை" என்பதுதான் மீதி எல்லாம். அந்தக் கண்ணோடுதான் இந்த நான்கையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

அப்டேட் இரவு

பிஎச்பிபிபி 2000-இல் தொடங்கியது. இலவசம், திறந்த மூலம், எந்த மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும். 2014-இல் 3.1 பதிப்பு வரும்வரை அதில் புது வசதி சேர்ப்பது தையல் வேலை மாதிரி. 'மாட்' என்று ஒரு குறிப்புத்தாள் கிடைக்கும்: இந்தக் கோப்பைத் திற, இந்த வரியைத் தேடு, அதற்கடுத்து இதை ஒட்டு. பத்துப் பதினைந்து கோப்புகளில் இப்படி ஒட்டுப்போட்டு முடித்து நிமிரும்போது பாதுகாப்பு அப்டேட் வரும், கோப்புகளையே மாற்றிவிடும், ஒட்டியதெல்லாம் போச்சு. அதனால் பலர் அப்டேட்டையே தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பரில் சான்டி என்ற புழு (தானே பரவும் தீங்கு நிரல்) காட்டியது. பழைய பதிப்பில் ஓடிய மன்றங்களை கூகுளில் தேடியே கண்டுபிடித்து, புகுந்து, பக்கங்களை அழித்து எழுதிவிட்டுப் போனது. ஓட்டையை அடைத்த பதிப்பு அதற்கு முன்பே வெளியாகியிருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

3.1-க்குப் பிறகு நீட்சிகள் தனி ஃபோல்டருக்குப் போய்விட்டன. மூலக் கோப்பில் யாரும் கை வைப்பதில்லை. பெரிய நிம்மதி. ஆனால் தலைவலி போகவில்லை, இடம் மாறியது. மென்பொருள் 3.2, 3.3 என்று போகிறது. ஹோஸ்டிங்காரர் (தளத்துக்குச் சர்வரில் இடம் தருபவர்) பிஎச்பி என்ற நிரல்மொழியின் பதிப்பை உயர்த்துகிறார். நீட்சியை எழுதியவருக்கோ இதற்குள் வேலை மாறியிருக்கும், ஆர்வம் போயிருக்கும். ஒருநாள் காலையில் வெள்ளைப் பக்கம். தெரிந்தவர்கள் நேராக டேட்டாபேஸுக்குள் போய், நீட்சிப் பட்டியல் இருக்கும் டேபிளில் அந்த நீட்சிக்கு எதிரே இருக்கும் 1-ஐ 0 ஆக்கி, கேச்சை (தற்காலிகச் சேமிப்பை) காலி செய்வார்கள். தளம் எழுந்துவிடும். தெரியாதவர்கள் உதவித் தளத்தில் கேள்வி போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

நானும் இதில் சூடு பட்டவன்தான். எந்த மென்பொருள் என்பது முக்கியமில்லை. பதிவுக்கு 'நன்றி' சொல்லும் பொத்தான் ஒன்றைப் போட்டிருந்தேன். எழுதியவர் காணாமல் போனார், அடுத்த பதிப்பில் பொத்தான் ஓடாது என்று தெரிந்தது. எடுத்துவிட்டால் உறுப்பினர்கள் வருடக்கணக்கில் சேர்த்த நன்றிகள் அத்தனையும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அந்தச் சண்டைக்குப் பயந்து எட்டு மாதம் பழைய பதிப்பிலேயே ஓட்டினேன். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தே.

சென்ஃபோரோவின் பிறப்பே ஒரு பிரிவிலிருந்துதான். அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்குபவர்களின் முதல் தேர்வு விபுல்லட்டின் என்ற மன்ற மென்பொருள். 2007-இல் அது இன்டர்நெட் பிராண்ட்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் முக்கிய நிரலாளர்கள் வெளியேறி 2010-இல் சென்ஃபோரோவை அறிவித்தார்கள். இன்டர்நெட் பிராண்ட்ஸ் அவர்கள் மேல் வழக்கு தொடுத்தது, அது 2013-இல் முடிந்தது. விபுல்லட்டினை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. 2019 செப்டம்பரில் அதன் 5-ஆம் பதிப்பில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகும் ஓட்டை பொதுவெளியில் போடப்பட்டது. அதற்குப் போட்ட அடைப்பையும் தாண்டலாம் என்று 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. இதற்கு மேல் எனக்கு அதில் சொல்ல எதுவுமில்லை.

சென்ஃபோரோவில் அப்டேட் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்தே ஒரு பொத்தானில் நடக்கும். நான்கில் எனக்கு மிகவும் பிடித்த அப்டேட் இதுதான். டெம்ப்ளேட்டை (பக்கத் தோற்றத்தின் வார்ப்பை) நீங்கள் கையால் திருத்தியிருந்தால், அப்டேட்டுக்குப் பின் 'இவையெல்லாம் காலாவதியாகிவிட்டன' என்று பட்டியல் போட்டுக் கொடுத்து, பழையதையும் புதியதையும் கலக்க வழி காட்டும். இந்த மரியாதை மற்றவற்றில் இல்லை.

பிறகு எங்கே எரிச்சல்? நாள்காட்டியில். லைசென்ஸுக்கு ஒரு வருட அப்டேட். அதற்குப் பின் மென்பொருள் ஓடும், புதுப் பதிப்பு வேண்டுமென்றால் புதுப்பிக்க வேண்டும். அது நியாயம்தான். ஆனால் மேலே ஏழெட்டு ஆட்-ஆன் வாங்கியிருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விற்பனையாளர், ஒரு கடை, ஒரு புதுப்பிப்புத் தேதி. 2017-இல் 2.0 வந்தபோது 1.x ஆட்-ஆன் எதுவும் அப்படியே ஓடவில்லை. எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சிலர் எழுதினார்கள், சிலர் கடையை மூடினார்கள். காசு கொடுத்தாலும் இலவசமாக வாங்கினாலும் ஆள் காணாமல் போவது ஒன்றுபோலத்தான்.

டிஸ்கோர்ஸ் இந்த ஆட்டத்தையே வேறு மாதிரி ஆடுகிறது. ஜெஃப் அட்வுட், சாம் சாஃப்ரன், ராபின் வார்டு மூவரும் 2013-இல் அறிவித்தது. அது எழுதப்பட்ட ரூபி ஆன் ரெயில்ஸ், டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ், வேகத்துக்கான ரெடிஸ் எல்லாம் ஒரே டாக்கர் பெட்டிக்குள் (தேவையானதையெல்லாம் சேர்த்துக் கட்டிய மென்பொருள் பொதி). அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் நிறுவல் வழி அது ஒன்றுதான். இதனால் "உங்கள் பிஎச்பி பதிப்பு என்ன, ஹோஸ்டிங் என்ன" என்ற பஞ்சாயத்தே கிடையாது. எல்லோரிடமும் ஒரே பெட்டி.

பல அப்டேட்கள் உலாவியிலேயே முடியும். சிலவற்றுக்கு, அப்புறம் ப்ளகின் சேர்க்கவும், சர்வருக்குள் போய்ப் பெட்டியை மறுபடி கட்ட வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் தளம் இருக்காது. ப்ளகின் முகவரியை எழுதும் அமைப்புக் கோப்பு இடைவெளிகளை எண்ணும் ரகம். ஒரு ஸ்பேஸ் கூடினாலும் குறைந்தாலும் கட்டுமானம் பாதியில் நிற்கும். பிழைச் செய்தி பக்கம் பக்கமாக ஓடும். அதில் எந்த வரி உண்மையான காரணம் என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. போஸ்ட்கிரஸின் பெரிய பதிப்பு மாறும்போது டேட்டாபேஸுக்கு இன்னொரு மடங்கு இடம் டிஸ்க்கில் வேண்டும். பழைய பேக்கப்களும் பழைய டாக்கர் பெட்டிகளின் நகல்களும் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் மெயில். நிறுவிய அன்றே முதல் அட்மினுக்கான உறுதிப்படுத்தும் மெயில் வந்தால்தான் உள்ளே நுழையலாம் என்பது நெடுங்கால வழக்கம். பல சர்வர் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் வாசலான 25-ஆம் போர்ட்டை மூடி வைத்திருப்பார்கள். மெயில் வராது. மென்பொருளைத் திட்டுவோம், தப்பு அதனுடையதே அல்ல.

ஃப்ளாரம் பார்க்க அழகு, வேகம், இலேசு. ஈசோடாக், ஃப்ளக்ஸ்பிபி என்ற இரண்டு சிறிய திட்டங்களை நடத்தியவர்கள் கைகோத்து உருவாக்கியது. நெடுங்காலம் பீட்டாவிலேயே (சோதனைப் பதிப்பிலேயே) இருந்துவிட்டு 2021-இல் 1.0 ஆனது. நீட்சி சேர்க்க வழக்கமான வழி கம்போசர் கட்டளை. கட்டளைவரி அனுமதி தராத பகிர்வு ஹோஸ்டிங்கில் இது நரகம். 1.x-இன் மூலப் பெட்டியில் தனிச் செய்தி வசதிகூடக் கிடையாது, அதற்கும் நீட்சிதான். புதிதாக, சிறியதாகத் தொடங்குகிறவருக்குச் சரி. பத்து வருடச் சரக்கோடு வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

"எனக்கு மட்டும் ஏன் பதில் எழுத முடியவில்லை?"

அட்மினின் நேரத்தை உண்மையில் தின்பது அப்டேட் அல்ல, இந்தக் கேள்வி. அப்டேட் எப்போதாவது ஒருமுறை. இது வாரத்துக்கு நான்கு முறை.

பிஎச்பிபிபியில் ஒவ்வொரு அனுமதிக்கும் மூன்று நிலை: 'ஆம்', 'இல்லை', 'ஒருபோதும் இல்லை'. 'இல்லை' என்பது உண்மையில் 'நான் ஒன்றும் சொல்லவில்லை' என்று பொருள். வேறொரு குழுவில் 'ஆம்' இருந்தால் அது ஜெயிக்கும். 'ஒருபோதும் இல்லை' மட்டும் எங்கே ஒரு மூலையில் இருந்தாலும் எல்லா 'ஆம்'களையும் அடித்துப்போடும். புதிதாக வந்த மாடரேட்டர் ஒருவர் கறாராக இருக்கட்டுமே என்று புதியவர்கள் குழுவுக்கு 'ஒருபோதும் இல்லை' போட்டுவைப்பார். மூன்று மாதம் கழித்து ஒரு மூத்த உறுப்பினர் தன் அனுமதி போய்விட்டது என்று வந்து நிற்பார். அவர் நான்கு குழுவில் இருப்பார். அதில் ஒன்று இந்தப் பழைய குழு. அனுமதித் தடம் பார்க்கும் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எந்தக் குழு என்ன சொன்னது, கடைசியில் யார் வென்றார் என்று வரிசையாகக் காட்டும். பலர் அந்தப் பொத்தானைக் கவனிக்காமலே வருடக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ஃபோரோவிலும் இதே 'ஒருபோதும் இல்லை' பூதம் உண்டு, அதை ஆராய ஒரு பக்கமும் உண்டு. டிஸ்கோர்ஸில் இந்தச் சிடுக்கு குறைவு. ஒரு பிரிவில் யார் பார்க்கலாம், யார் பதில் எழுதலாம், யார் திரி தொடங்கலாம், அவ்வளவுதான். புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். ஆனால் 'பிரிவின் பெயர் தெரியட்டும், உள்ளே படிக்க முடியக்கூடாது' என்பது போன்ற நுணுக்கம் பிஎச்பிபிபியில் இரண்டு தனித்தனி அனுமதி. டிஸ்கோர்ஸில் அப்படிப் பிரிக்க இடமில்லை. என் வாக்கு டிஸ்கோர்ஸுக்குத்தான். அந்த நுணுக்கம் வேண்டும் என்று அடம்பிடித்த எந்த அட்மினும் ஒரு வருடம் கழித்து அதை ஏன் வைத்தோம் என்று ஞாபகம் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

ஸ்பேம், அப்புறம் மூத்த உறுப்பினர்கள்

பிஎச்பிபிபியில் நெளிந்த எழுத்துப் படத்தை நம்பாதீர்கள். சொந்தமாக ஒரு கேள்வி எழுதி வையுங்கள்: "மன்றத்தின் பெயரில் இரண்டாவது சொல்லின் கடைசி எழுத்து என்ன?" இந்த ஒரு வரி பெரும்பாலான பாட்களை (தானியங்கி நிரல்களை) நிறுத்திவிடும். மனிதர்களே கூலிக்கு உட்கார்ந்து போடும் ஸ்பேமை மட்டும் நிறுத்தாது. அங்கே சென்ஃபோரோவின் துப்புரவுப் பொத்தான் அருமை: ஒரே அழுத்தில் அந்த ஆளின் பதிவுகள், திரிகள் எல்லாம் போய் ஆளும் தடையாவார்.

டிஸ்கோர்ஸ் நம்பிக்கை நிலைகளை வைத்திருக்கிறது. புதியவர் 5 திரிகளுக்குள் நுழைந்து, 30 பதிவு படித்து, மொத்தம் 10 நிமிடம் செலவழித்தால் முதல் படி ஏறுவார். அதுவரை சுட்டிகள், படங்கள், தனிச் செய்தி எல்லாவற்றுக்கும் கடிவாளம். ஸ்பேமர் படித்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் பத்து வருடமாக உங்கள் துறையில் இருக்கும் நிபுணர் ஒருவர் இன்றுதான் சேர்ந்து, ஒரே நாளில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் அவருக்கும் உச்சவரம்பு வந்து நிற்கும். அமைப்பில் மாற்றலாம். நூற்றுக்கணக்கான அமைப்புகளில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

அதைவிட வேடிக்கை, குறைந்தபட்ச நீளம். இயல்பாக 20 எழுத்துக்குக் குறைந்த பதிலை டிஸ்கோர்ஸ் ஏற்காது. "நன்றி" என்று மட்டும் எழுத முடியாது. செய்தவர்களின் எண்ணம் புரிகிறது, அதற்கு விருப்பப் பொத்தான் இருக்கிறதே என்பது. உறுப்பினர்கள் என்ன செய்வார்கள்? "நன்றி" என்று எழுதிப் பின்னால் ஒரு வரிசைப் புள்ளி வைப்பார்கள். பக்க எண்ணும் கிடையாது, கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கும். "அந்தத் திரியில் 47-ஆம் பக்கத்தில் பார்" என்று பேசிப் பழகியவர்களுக்கு ஊரையே இடித்துவிட்ட மாதிரி இருக்கும்.

வெளியேறும் வழி

வாங்கும்போது யாரும் பார்க்காதது இது. சென்ஃபோரோ உள்ளே வர பிஎச்பிபிபிக்கும் விபுல்லட்டினுக்கும் தயார் இறக்குமதி வசதி தருகிறது. டிஸ்கோர்ஸில் ரூபி ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும்.

இணைப்புக் கோப்புகளில் கவனம். பிஎச்பிபிபியின் கோப்பு ஃபோல்டரைத் திறந்தால் ஒரு எண், அடிக்கோடு, அப்புறம் நீளமான குழம்பிய எழுத்துச் சரம். பார்த்தால் படமா, பிடிஎஃபா என்றே தெரியாது. அசல் பெயர் டேட்டாபேஸில் இருக்கிறது. டேட்டாபேஸ் பேக்கப் இல்லாமல் ஃபோல்டரை மட்டும் காப்பாற்றி வைத்திருப்பவர் கையில் இருப்பது பெயரில்லாத சரக்கு. பழைய சுட்டிகளுக்கு 301 திருப்பம் (புது முகவரிக்குத் தானாகக் கொண்டுபோகும் வழி) போடாவிட்டால் தேடுபொறியில் சேர்த்த பெயரும் போகும்.

ஆனால் உண்மையான வலி கடவுச்சொல். அது சங்கேதமாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். புது மென்பொருளுக்குப் பழைய முறை தெரிந்திருந்தால் உறுப்பினருக்கு ஒன்றும் தெரியாது, பழையபடி நுழைவார். தெரியாவிட்டால் எல்லோரும் மெயில் வழியே புதிதாக வாங்க வேண்டும். அப்போது வெளியே மாட்டிக்கொள்பவர்கள் யார்? முதல் வருடத்தில் சேர்ந்தவர்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய அலுவலக மெயிலைக் கொடுத்தவர்கள்.

நான் ஒருமுறை மன்றத்தை மாற்றியபோது அப்படி ஒருவரை உள்ளே கொண்டுவர இரண்டு வாரம் ஆனது. அவர்தான் என்று எப்படி உறுதி செய்வது? பழைய சண்டை ஒன்றில் அவர் எழுதி, மாடரேட்டர் நீக்கிய ஒரு பதிவைப் பற்றிக் கேட்டேன். ஏறக்குறைய வார்த்தை பிசகாமல் சொன்னார். புது மெயிலைக் கையால் ஏற்றி விட்டேன். உள்ளே வந்து அவர் போட்ட முதல் பதிவு, பழைய பச்சை நிறத் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவர எங்கே அழுத்த வேண்டும் என்பது.