வெளிநாடு போறவங்க காரை கன்சல்டிங்ல குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மதுரையில பழைய கார் வாங்கி விக்கிற ஒரு கன்சல்டிங்ல எங்க தம்பியை ஏமாத்துனதுல இப்ப எங்கப்பா கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைஞ்சுக்கிட்டு இருக்காரு. கேஸ் நடக்குறதால பேர் சொல்ல முடியாது, ஆனா எப்படிப் பண்றாய்ங்கன்னு சொல்லிடுறேன்.

தம்பி கனடா கிளம்புற நேரம், ஆர்டிஓவுல பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் அவன்கிட்ட கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு வாங்குறவர் பேரைக் காலியாவே விட்டுட்டாய்ங்க. "அக்கா பார்ட்டி ரெடி, பத்து நாள்ல பேர் மாத்தி ஆர்சி காப்பி வாட்ஸ்அப்ல அனுப்பிர்றேன்"னு எங்கிட்டயே சொன்னாரு அந்தாளு, பணத்தையும் முழுசா குடுத்துட்டாரு, அப்புறம் யாருக்கு சந்தேகம் வரும் சொல்லுங்க.

அங்க போன பிறகு தம்பியோட ஃபாஸ்டேக்ல கப்பலூர் டோல், எட்டூர்வட்டம் டோல்னு காசு போகுது. கேட்டா பார்ட்டி ஊர்ல இல்லக்காங்குறாரு. அப்புறம் அப்பா போனுக்கு ஸ்பீடு சலான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கொட்டாம்பட்டி பக்கம் நாலுவழிச்சாலையில அந்தக் கார் ஒரு பைக்கை இடிச்சு ஓட்டுனவருக்குக் கால் முறிஞ்சு போச்சு, போலீஸ் ஆர்சி அட்ரஸைப் பார்த்து நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க.

இதுல கொடுமை என்னன்னா இன்சூரன்ஸ் நடுவுல முடிஞ்சு எவனும் ரினியூ பண்ணல. ஆர்சியில யார் பேர் இருக்கோ அவங்கதான் சட்டப்படி ஓனர், வித்துட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே சொல்லிருச்சாம். பாலிசி உயிரோட இருந்தா கம்பெனி கட்டிருக்கும், இப்ப நஷ்டஈடு தம்பி தலையில வந்து நிக்கிது, அடிபட்ட அந்த மனுசனுக்கும் காசு கைக்கு வந்தபாடில்ல, அதை நினைச்சாத்தான் மனசு ஆறமாட்டேங்குது.

கன்சல்டிங்ல கேட்டா நத்தம் பார்ட்டிக்குக் குடுத்தேன், அவரு வேற யாருக்கோ குடுத்துட்டாருன்னு கைய விரிக்கிறாரு. தன் பேருக்கு மாத்துனா ஓனர் எண்ணிக்கை கூடி ரேட்டு இறங்கிரும், அதுக்காகவே காலி ஃபார்மை வச்சு கைமாத்தி விடுறாய்ங்க.

2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி டீலருக்கு ஆர்டிஓ அங்கீகாரம் வேணும், வண்டியை அவங்க கையில குடுத்ததை ஃபார்ம் 29சில ஆன்லைன்லயே பதிஞ்சா அதுக்கப்புறம் பொறுப்பு டீலரோடது. இந்தக் கடைக்கு அந்த அங்கீகாரமே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. நோ கிளைம் போனஸும் (கிளைம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) காரோட போயிரும்னு சொன்னாய்ங்க, அது சுத்தப் பொய், போனஸ் ஆளுக்குத்தான், வித்ததைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியில லெட்டர் வாங்கி வச்சா 3 வருசத்துக்குள்ள வேற கார்ல சேத்துக்கலாம்.

கிளம்புற தேதிக்குள்ள பேர் மாறலைன்னா காரை வீட்டுலயே நிறுத்திட்டு அப்பா அம்மா யாருக்காவது பவர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, தம்பி இப்ப அங்க லைசென்ஸ் டெஸ்டுக்கு நடுவுல இந்தியக் கான்சுலேட்டுக்கு ஓடி பவரை அட்டெஸ்ட் பண்ணி அனுப்ப வேண்டியதாயிருச்சு. ஃபாஸ்டேக்கை மூடுங்க. பேர் மாறுனதை எம்பரிவாகன் ஆப்ல நீங்களே வண்டி நம்பர் போட்டுப் பாருங்க, அவங்க அனுப்புற வாட்ஸ்அப் போட்டோவை நம்பாதீங்க.