வி.ஆரில் பெயின்ட் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமானால்: சில வருட அனுபவம்

கட்டப்போகும் வீட்டை உரிமையாளருக்கு வி.ஆரில் சுற்றிக் காட்டுவது என் வேலை. யூனிட்டி என்ற 3டி மென்பொருளில் செய்து, முன்பு மெட்டாவின் க்வெஸ்ட் 2 ஹெட்செட்டிலும் இப்போது க்வெஸ்ட் 3-இலும் ஓட்டுகிறேன். சோபா கொஞ்சம் முன்பின் இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. சுவர் நிறம் மாறினால் விடமாட்டார்கள். பெயின்ட் கம்பெனியின் நிற மாதிரி அட்டையான ஷேட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஹெட்செட்டையே மாட்டுகிறார்கள்.

நிறம் பிசகினால் முதலில் ஹெட்செட்டைத்தான் குறை சொல்வோம். ஆனால் நான் பார்த்தவரை, பெரும்பாலான பிசகு படம் திரைக்குப் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு காட்சிக்குள்ளும் ஒரு சாம்பல் அட்டை வைக்கிறேன்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் (0 முதல் 255 வரையான அளவில்) 118 என்ற மதிப்பு, ஒளி பாதிக்காத அன்லிட் மெட்டீரியல். ஹெட்செட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கம்ப்யூட்டரில் அந்த இடத்தின் எண்ணைப் பார்ப்பேன். 118-ஐ ஒட்டி இருந்தால் சரி. விலகியிருந்தால் டோன் மேப்பிங்கோ (ஒளி அளவுகளைத் திரைக்கு ஏற்ப மாற்றும் படி), படம் உருவான பின் பூசப்படும் வேறு போஸ்ட் எஃபெக்டோ நடுவில் கை வைத்திருக்கிறது.

பெரும்பாலும் அது ஏசஸ் என்ற வகை டோன் மேப்பிங்தான். சினிமாத் தோற்றத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் கான்ட்ராஸ்டைக் கூட்டி, பளிச்சென்ற நிறங்களை வெளுக்க வைத்துவிடும். பெயின்ட் காட்டும் வேலைக்கு ஒத்துவராது. ஹெட்செட்டில் இருக்கும் மொபைல் ஜிபியுவில் (கிராபிக்ஸ் சிப்) முழுத் திரைக்கும் இன்னொரு பாஸ், அதாவது இன்னொரு சுற்றுக் கணக்கு, ஓட வேண்டியிருப்பதால் பிரேம் ரேட்டும் அடிவாங்கும். நான் அதை எடுத்துவிட்டு, எந்த இடமும் வெளுத்துப் போகாதபடி விளக்குகளின் அளவை வைத்தே சமாளிக்கிறேன்.

அட்டை காட்டிக்கொடுக்காத ஒன்று உண்டு. ப்ராஜெக்டின் ஒளிக் கணக்கு காமாவில் (திரைக்கான எண்களை அப்படியே வைத்து) இருக்கிறதா, லீனியரில் (நிஜ ஒளி அளவுக்கு மாற்றி) இருக்கிறதா என்பதை செட்டிங்கில் போய்த்தான் பார்க்க வேண்டும். லீனியர்தான் வேண்டும், இதில் சமரசமே கிடையாது. ஷேட் கார்டில் எல்ஆர்வி 50 என்று போட்டிருந்தால் அந்தச் சுவர் பாதி ஒளியைத் திருப்பித் தரும் என்று பொருள். பாதிதானே என்று 128 போட்டால் சுவர் சுமார் 22 சதவீதம்தான் திருப்பும். திரைகளின் வழக்கமான நிற அளவுமுறையான எஸ்ஆர்ஜிபியில் எண்கள் ஒளியோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை; அதில் சரியான எண் 188. வெள்ளைச் சுவருக்கும் 255 வேண்டாம். எந்த வெள்ளைப் பெயின்டும் விழுந்த ஒளி முழுவதையும் திருப்புவதில்லை. 240-க்குக் கீழே வைத்தால் லைட்மேப் பேக் செய்தபின் (காட்சியின் ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதித்தபின்) மூலைகளில் நிழல் உயிரோடு இருக்கும். அப்புறம், நிறத்துக்குப் பதில் ரஃப்னெஸ் (சொரசொரப்பு) போன்ற அளவுகளைச் சுமக்கும் மாஸ்க் டெக்ஸ்சர்களில் எஸ்ஆர்ஜிபி டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஹெட்செட் பக்கம் வேலை குறைவு. மெட்டாவின் எஸ்டிகேயில் (ஆப் உருவாக்குவோருக்கான கருவித் தொகுப்பு) கலர் காமட் என்ற அமைப்பு இருக்கிறது; படம் எந்த நிற எல்லைக்குள் உருவானது என்று சொல்வது அது. நம் படம் எஸ்ஆர்ஜிபி என்றால் அங்கே எச்டி டிவிக்கான தரமான ரெக் 709 கொடுக்கலாம், இரண்டுக்கும் முதன்மை நிறங்கள் ஒன்றே. இரவுநேர மஞ்சள் மோட் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது கண்ணைப் பற்றி. ஹெட்செட்டுக்குள் வெளியுலகம் தெரியாது. அதனால் படத்தில் இருக்கும் ஒளியையே கண் வெள்ளையாக எடுத்துக்கொள்கிறது. 3000 கெல்வின் விளக்குப் போட்ட அறை கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகவே தோன்றாது. எனவே பார்வையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பொருள், ஒரு சுவிட்ச் போர்டாவது, இருக்கும்படி செய்கிறேன். ஹெட்செட்டைக் கழற்றிய உடனே ஷேட் கார்டைப் பார்க்கவும் விடமாட்டேன். கண் திரும்பப் பழகச் சற்று நேரம் கொடுக்க வேண்டும்.

அடர் நீலமும் கரும்பச்சையும் மட்டும் இன்னும் வசப்படவில்லை. எல்சிடி பேனலில் பின்விளக்கு கசிவதால் இருட்டான இடம் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது. ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே உள்ள 8 பிட்டில் பட்டை பட்டையாகவும் தெரியும். நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் நிரலில் டிதரிங் (மெல்லிய புள்ளி இரைச்சல்) சேர்த்தால் பட்டை மறைகிறது, சாம்பல் போவதில்லை. பின்விளக்கே தேவைப்படாத ஓஎல்இடி பேனல் இருந்த 2019-இன் முதல் க்வெஸ்டில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. இப்போதைக்கு அந்த நிறங்களைப் பகல் வெளிச்சக் காட்சியில் மட்டும் காட்டுகிறேன். முடிவெடுக்கும் முன் நிஜச் சுவரில் ஒரு சதுர அடி அடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.