டிஜி-6க்கு வைட் லென்ஸா, ஸ்ட்ரோப்பா: பாசிக்குடாத் தண்ணிக்கு எத முதல்ல வாங்கணும்

மட்டக்களப்புப் பக்கத்து பாசிக்குடாவில ஸ்நோர்க்கல் போட்டுக்கிட்டு கரையோரமா நீந்துற ஆளுக்கு ஒலிம்பஸ் டிஜி-6 கெமரா மட்டுமே காணும், ஹவுசிங் (கெமராவ மூடுற தண்ணி புகாத பெட்டி) இல்லாமலே 15 மீட்டர் வரைக்கும் தாங்கும். டைவ் அடிக்கிற ஆளெண்டா பிடி-059 ஹவுசிங் வேணும், அது 45 மீட்டர். பிரிட்டிஷ் சார்ஜண்ட் எண்ட தாண்ட கப்பல் 25 மீட்டர் அளவிலதான் கிடக்கு, அதுக்கு தாராளம். ஹெர்மஸ் எண்ட தாண்ட விமானந்தாங்கிக் கப்பலுக்கு கொண்டு போற யோசனை இருந்தா விட்டுருங்க, அது 50 மீட்டரையும் தாண்டின ஆழம், அவ்வளவு ஆழத்துக்கு தனிப் பயிற்சி எடுத்த டெக்னிக்கல் டைவர்மாருட இடம். (ரெண்டு கப்பலையும் ஜப்பான்காரன் தாட்டது ஒரே நாள்ல, 1942 ஏப்ரல் 9.)

சரி, கெமராவும் ஹவுசிங்கும் இருக்கு, மிச்சக் காசுக்கு லைட்ட வாங்கிறதா லென்ஸ வாங்கிறதா? எல்லாரும் லைட் எண்டுதான் சொல்லுவாங்க. நான் வைட் வெட் லென்ஸ்தான் எண்டு சொல்லுவன், அதாவது ஹவுசிங்குக்கு வெளியால மாட்டி கூட இடத்த படத்துக்குள்ள கொண்டுவாற லென்ஸ்.

ஏனெண்டா கெமராட லென்ஸ் 25 மில்லிமீட்டர்ல தொடங்குது (இந்த எண் குறையக் குறைய கூட இடம் படத்துக்குள்ள வரும்), கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஹவுசிங்குட முன் கண்ணாடி தட்டை, தண்ணிக்குள்ள போனா அது 1.33 மடங்கு கூடி 33 மாதிரி ஆகிரும், மறுகா கப்பல்ல பாதியாவது படத்துக்குள்ள வரணுமெண்டா பின்னுக்கு பின்னுக்கு போகணும், போகப் போக நடுவுல தண்ணி கூடும், தண்ணி கூடினா சிவப்பு செத்துரும், தூசு எல்லாம் வெள்ளப் புள்ளியா தெரியும். ஸ்ட்ரோப் (தண்ணிக்குள்ள பாவிக்கிற ஃப்ளாஷ்) வெளிச்சமும் அந்தத் தண்ணிக்கால போய் திரும்பி வரணுமே, ரெண்டு மீட்டர் தள்ளி நிண்டா வெளிச்சத்துக்கு நாலு மீட்டர் பயணம். வைட் லென்ஸ் போட்டா கிட்டப் போகலாம், கிட்டப் போனா சின்ன லைட்டும் வேலை செய்யும். 67 மில்லிமீட்டர் மரை உள்ளதா பாத்து எடுங்க, தண்ணிக்குள்ளயே கழட்டி மாட்டலாம். மாட்டேக்க ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல காத்துக் குமிழி நிண்டா படம் மங்கும், கொஞ்சம் தளத்தி குமிழிய வெளிய விட்டுட்டு இறுக்குங்க.

லைட்டுக்கு வந்தா, வீடியோ லைட்டா ஸ்ட்ரோப்பா எண்டா போட்டோவுக்கு ஸ்ட்ரோப்தான். வீடியோ லைட் பகல்ல ஆழமில்லாத இடத்தில வெயிலோட போட்டி போட ஏலாம நிக்கும். ஸ்ட்ரோப்ப ஆர்ம்ல (அதத் தாங்கிப் பிடிக்கிற கை) மாட்டி நல்லா பக்கவாட்டுல விரிச்சு வையுங்க, லென்ஸுக்கு முன்னால உள்ள தண்ணியில நேரா அடிச்சா தூசுதான் மினுங்கும். செத்த சிவப்ப திருப்பிக் கொண்டுவர லென்ஸுக்கு முன்னால போடுற சிவப்பு ஃபில்டர் வெயில் வெளிச்சத்துக்கு மட்டும், ஸ்ட்ரோப் போடேக்க கழட்டணும்.

சின்னச் சின்ன உயிரெல்லாம் எடுக்கிற ஆக்களுக்கு நான் சொன்னது ஒண்டும் தேவல்ல. டிஜி-6 மைக்ரோஸ்கோப் மோட்ல ஒரு சென்டிமீட்டர் கிட்டப் போய் ஃபோகஸ் பண்ணுது, இந்த சைஸ் கெமராவுக்கு அது பெரிய விசயம், ஒரு சின்ன டோர்ச் காணும். எனக்குப் பிடிக்காத ஒண்டு, ஷட்டர் ஸ்பீட நம்மட இஷ்டத்துக்கு வைக்க முழு மேனுவல் இல்ல, பின்னால நீலம் எவ்வளவு கருக்கணும் எண்டத கெமராதான் தீர்மானிக்கும்.

இதெல்லாம் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில சொல்ற கதை. மாரியில வாவித் தண்ணி கடலுக்குள்ள இறங்கி கலங்கல் ஆனா எந்த லென்ஸும் உதவாது.

பழைய வெட் லென்ஸ் வாங்கிறெண்டா வெளிப்பக்கம் மெல்லிசா கீறல் இருந்தாலும் பயப்பட வேணாம், தண்ணி பட்டா அது அவ்வளவா தெரியாது. உள்பக்கம் பூஞ்சணம் கிடந்தா மட்டும் வாங்காதீங்க.