டிடி 990-க்கு வார்மான டேக்: ஃபியோ கே11-ஆ, கே11 ஆர்2ஆர்-ஆ?

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ட்ரெபிள், அதாவது மேல் சுருதி ஒலி, எகிறி நிற்கும். பாடகர் ‘ஸ’, ‘ஷ’ சொல்லும் இடமெல்லாம் காதில் ஊசி குத்தும். யாரிடம் கேட்டாலும் “வார்மான டேக் ஒன்று வாங்கிப் போடு, அடங்கிவிடும்” என்பார்கள். டேக் என்பது டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும் பெட்டி; வார்ம் என்றால் மேல் முனை மென்மையாகவும் கீழ் முனை நிறைவாகவும் கேட்பது. என்னிடம் இருப்பது ஃபியோவின் கே11. நண்பரிடம் கே11 ஆர்2ஆர்-ஐ இரவல் வாங்கி இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தேன்.

வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. வித்தியாசம் உள்ளே. கே11-இல் சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்43198 என்ற டெல்டா-சிக்மா வகைச் சிப்; மாற்றும் வேலையைச் செய்வது அதுதான். ஆர்2ஆர்-இல் அந்தச் சிப்புக்குப் பதிலாக மின்தடைகளை ஏணிபோல அடுக்கி, பிட்டுக்கு ஒரு படியாக வோல்டேஜைக் கூட்டுகிறார்கள்.

காதை நம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, இதைத் தவிர்க்கவே கூடாது. 60 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 1% பிசகு என்றால் ஏறக்குறைய 0.1 டெசிபல், அதற்குள் நின்றால் போதும். இதைச் செய்யாவிட்டால் சற்றே சத்தமாக இருப்பதுதான் “நிறைவாக” இருப்பதுபோலத் தோன்றும். பல ஒப்பீடுகள் தடம் புரள்வது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அளவைச் சமன் செய்தபின், ஆர்2ஆர்-ஐ ஓஎஸ் மோடில் (ஓவர்சாம்ப்ளிங், அதாவது மாதிரிகளுக்கு இடையே கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பும் நிலை) வைத்துக் கேட்டேன். வீணையில் நகம் தந்தியைத் தொடும் அந்தச் சின்ன ‘டிக்’ சத்தம், அதன் பின்னால் மெல்லத் தேயும் கமகம், எதிலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. நாஸ் மோடுக்கு, அதாவது ஓவர்சாம்ப்ளிங் இல்லாத நிலைக்கு மாற்றியதும் மேல் முனை லேசாக மழுங்கியது. இது மாயம் இல்லை, கணக்கு. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை (நொடிக்கு 44,100 மாதிரிகள்) ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் படிப்படியாக வெளியே விட்டால், 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 டெசிபல் குறையும். 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல். மக்கள் “அனலாக் வாசனை” என்று கொண்டாடுவதில் பெரும்பங்கு இந்தச் சரிவுதான்.

ஆனால் என் தொல்லை இருப்பது 8 கிலோஹெர்ட்ஸில். அங்கே நாஸ் குறைப்பது வெறும் அரை டெசிபல். டிடி 990-இன் முகடோ பல டெசிபல் உயரம். போதாக்குறைக்கு 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பைப் போட்டால், 20 கிலோஹெர்ட்ஸிலேயே சரிவு 0.6 டெசிபலாகச் சுருங்கிவிடுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் அவுட்புட்டை 96-இல் வைத்திருந்தாலும் இதே கதைதான்.

வால்வு வைத்த டேக்குகளும் கிடைக்கின்றன. வால்வு சேர்ப்பது இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண். சிலவற்றில் அவுட்புட் இம்பிடன்ஸும் (வெளியீட்டு மின்தடை) அதிகம் என்பதால் பேஸ் கொஞ்சம் தூக்கும். 120 ஓம் அவுட்புட்டில் சென்ஹைசர் எச்டி 650-ஐச் செருகினால் அந்தத் தூக்கல் ஒரு டெசிபலை ஒட்டி வரும். அது ஆம்ப்பின் வேலை, டேக்கின் வேலை அல்ல.

கடைசியில் கே11-உடன் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன்; வேண்டிய அதிர்வெண்ணில் மட்டும் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ அது உதவும். 8 கிலோஹெர்ட்ஸில், க்யூ 2 (குறைப்பு எவ்வளவு குறுகலாக இருக்கும் என்ற அளவு) வைத்து 5 டெசிபல் குறைப்பு. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ ஷெல்ஃப் 2 டெசிபல் ஏற்றம். ஒலி உச்சவரம்பைத் தாண்டி கிளிப் ஆகாமல் இருக்க, மொத்த அளவைக் குறைக்கும் ப்ரீஆம்ப் மைனஸ் 3 டெசிபல். ‘ஸ’ குத்துவது நின்றது. மிருதங்கத்தின் தொப்பிக்கு உடம்பு வந்தது.

ஹெட்ஃபோன் ஏற்கெனவே பிடித்துப்போய், சிடியிலிருந்து எடுத்த 44.1 கோப்புகளையே கேட்பவர் என்றால் ஆர்2ஆர் வாங்குங்கள். நாஸ் மோடின் மென்மை உண்மையாகவே இனிமையானது. டிடி 990-இன் குத்தலைத் தணிக்கத்தான் என்றால் வேண்டாம். நான் ஆர்2ஆர்-ஐ நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கென எடுத்துவைத்த பணத்தில் தேய்ந்துபோன வெலோர் பேடுகளை மாற்றினேன்.