கிருஷ்ணகிரியிலிருந்து பனிச்சறுக்குப் பயணம்: குல்மார்க்கா, சோலாங்கா, ஔலியா?

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஓசூரைப் பார்த்து நின்றால், காலடியில் கிடப்பது தேசிய நெடுஞ்சாலை 44. கன்னியாகுமரியில் தொடங்கி, தொப்பூர் கணவாய் ஏறி, தர்மபுரியையும் எங்கள் ஊரையும் தொட்டுக்கொண்டு ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, தில்லி, ஜம்மு என்று ஓடி ஸ்ரீநகரில் போய் முடிகிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் குல்மார்க். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்த் திரும்புகையில் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் நண்பன் செல்போனில் இந்தக் கோட்டைக் காட்டி, "மாப்ள, ரோட்ட விட்டு எறங்காமலே பனிக்குப் போயிரலாம்டா" என்றான். அன்றைக்குப் பிடித்த ஆசை நான்கு பேரையும் இன்னும் விடவில்லை.

நாங்கள் நால்வர். பட்டறைக்காரன் ஒருவன், போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவன் ஒருவன், ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவன் ஒருவன், நான். யாருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. நான் மட்டும் ஒரு டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு மணாலிப் பக்கம் சோலாங் போய், வாடகைச் சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டி அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கையைப் பிடித்து நாலு முறை இழுத்துவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஏமாற்றம் இன்னும் போகவில்லை. அதனால் இந்த அலசலில் நான் பிடித்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எந்த வழியில் போனால் பனியில் அதிக நாள் நிற்கலாம்? புதிதாகக் கற்பவருக்குக் கட்டைகளை முன்பக்கம் சேர்த்து, பின்பக்கம் விரித்து வேகத்தைக் குறைக்கப் பழகவே இரண்டு மூன்று நாள் போய்விடும். அதற்குப் பிறகுதான் திரும்பக் கற்பது, அதற்கும் பிறகுதான் சந்தோஷம். ஐந்து நாளுக்குக் குறைந்தால் போய் வந்ததற்கு அர்த்தமில்லை.

முதலில் ஔலி. உத்தரகண்டில், ஜோஷிமட்டுக்கு மேலே 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை ஏறும் சரிவு. 7,816 மீட்டர் உயர நந்தாதேவியைப் பார்த்துக்கொண்டே சறுக்கலாம். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம் இது. கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வசதி உண்டு. மாநில அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகளை நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, கட்டை, பூட்ஸ், ஆசிரியர் எல்லாம் ஒரே கட்டணத்தில் வந்துவிடும். படிப்பு என்று மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் ஒழுங்கானது.

ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் மண் இறங்கி நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டதிலிருந்து, கீழிருந்து ஔலிக்குப் போகும் நான்கு கிலோமீட்டர் ரோப்கார் நின்றுபோனது. பனி விழுந்த சாலையில் வண்டியேறித்தான் போக வேண்டும். அதோடு, போதிய பனி இல்லாமல் ஔலியில் போட்டிகள் ரத்தான வருடங்களும் உண்டு. வகுப்புக்குப் பணம் கட்டிய பிறகு பனி ஏமாற்றினால் பக்கத்தில் வேறு இடமும் இல்லை. ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. ஔலியை அத்தோடு ஓரமாக வைத்துவிட்டோம்.

சோலாங் எல்லோருக்கும் தெரிந்தது. மணாலியிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர், உயரம் சுமார் 2,500 மீட்டர். 2020 அக்டோபரில் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம் வந்த பிறகு, சோலாங்கில் பனி குறைந்தால் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் லாஹூலில் சிஸ்ஸுவுக்குப் போய்விடலாம். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு மூன்றில் எளிதான மலை இதுதான். அறை வாடகைக்கும் பேரம் பேச இடமுண்டு. பனியில் உருள வேண்டும், படம் எடுக்க வேண்டும், குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் சோலாங் போகலாம்.

பனிச்சறுக்குக் கற்கத்தான் அது இடைஞ்சல். கற்பவர்களுக்கான சரிவிலேயே டயர் ட்யூபில் சறுக்குபவர்கள், குதிரைகள், பனி ஸ்கூட்டர்கள், படம் எடுக்கும் குடும்பங்கள் எல்லாம் கலந்து நிற்கும். நிறுத்தத் தெரியாத ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் சறுக்கி இறங்குவது ஆபத்து. விடுமுறை நெரிசல் இன்னொரு பக்கம். 2024 டிசம்பர் கடைசியில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஆயிரம் வண்டிகள் அளவுக்குப் பனியில் மாட்டின. பனி பெய்கிற நாளில் நேரு குண்ட் என்ற இடத்துக்கு மேல் நான்கு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டிகளை மட்டுமே விடுவார்கள். அப்போது நம் வண்டி நம்மோடு இருந்தும் பயனில்லை. மணாலியிலுள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1961-லிருந்து நடப்பது, பனிச்சறுக்கு வகுப்பும் வைத்திருக்கிறது. தேதி அவர்கள் சொல்வதுதான், மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இளவயதுப் பிள்ளைகள் யாராவது கேட்டால் நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

இப்போது குல்மார்க். கிண்ணம் போன்ற புல்வெளி, உயரம் சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து கொண்டோலா என்ற ரோப்காரின் முதல் கட்டம் கோங்தூரிக்கு ஏறும். இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து தேர்ந்த சறுக்கு வீரர்கள் வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காக. அது நமக்கில்லை என்பதை நண்பர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். 2023-இலும் 2024-இலும் பிப்ரவரி மாதங்களில் அங்கே பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள், பழக்கமுள்ளவர்களே. மேலே போய்ப் பார்த்துவிட்டு கொண்டோலாவிலேயே இறங்கிவரலாம். கற்பவருக்கான இடம் கீழே, கோல்ஃப் மைதானத்தின் மென்மையான சரிவு. மழைக்காலத்துப் புல்தரை, குளிர்காலத்தில் பள்ளிக்கூடம். குட்டி இழுவைக் கம்பிகள் மேலே இழுத்துவிடும், நாள் முழுக்க இறங்கிப் பழகலாம். கட்டை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸை மட்டும் அவசரப்படாமல் போட்டு நடந்து பார்த்து வாங்குங்கள். கால் வலித்தால் அன்றைய நாள் வீண்.

பனியை எடுத்தாலும் குல்மார்க்தான் முன்னே நிற்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, காஷ்மீருக்குக் குளிர்காலத்தில் மேற்கத்திய இடையூறு அப்படி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று அலை அலையாக வந்து பனியாகக் கொட்டும். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் 'சில்லாய் கலான்' என்பார்கள், நம் அக்னி நட்சத்திரத்துக்கு நேர் எதிர். அதன் பிறகு இருபது நாள் சின்னது, இன்னும் பத்து நாள் குட்டி. இந்தக் கணக்கும் அண்மையில் தடுமாறுகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்த புல்லோடு கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆகவே பொங்கல் விடுமுறையைத் தவிர்த்து, பிப்ரவரி பின்பாதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை என்று வைத்தால்தான் வாய்ப்பு அதிகம். அதற்குள் வடக்குச் சமவெளியின் மூடுபனியும் பெரும்பாலும் விலகிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவிலிருந்து அம்பாலா வரை விடிகாலையில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது.

சாப்பாட்டுக் கவலையும் இல்லை. காஷ்மீரிகள் சோற்றுக்காரர்கள். ஹாக் என்ற கீரையைத் தண்ணீராக வேகவைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள், நம் கீரைக் கடைசல் பழகிய நாக்குக்கு ஒட்டிக்கொள்ளும்.

மலை முடிவானதும் வாக்குவாதம் பாதைக்கு வந்தது. இங்கேதான் அதிக நேரம் போனது.

விமானத்தில் போனால் கணக்கு சுலபம். பெங்களூரில் ஏறி, தில்லி மாறியாவது அன்றே ஸ்ரீநகர். ஒன்பது நாள் விடுப்பில் ஏழு நாள் பனி. காரில் போனால், ஒரு நாளைக்கு 500, 600 கிலோமீட்டர் என்று வைத்தாலும் முதல் இரவு ஐதராபாத், அடுத்து நாக்பூர், ஜான்சி, பானிபட், ஜம்மு. ஆறாம் நாள் மாலை குல்மார்க். திரும்பவும் அதே ஆறு. பத்தொன்பது நாள் விடுப்பில் ஏழு நாள்தான் மிஞ்சும், அதிலும் ஒன்றைக் கையிருப்பாக வைக்க வேண்டும். பனிக்கு ஆறு. விமானத்தில் போனவனுக்குப் பாதி விடுப்பில் இதைவிடக் கூட. அப்படியிருந்தும் கார் என்று நாங்கள் முடிவெடுத்ததற்குக் காரணம், சாலையும் நாங்கள் கேட்டதில் பாதி. இருபது வருடமாக இந்தச் சாலை ஓரத்தில் வாழ்கிறோம், அதன் மறுமுனையை ஒருவரும் பார்த்ததில்லை.

கார்ச் செலவு பயமுறுத்தாது. ஜம்மு வரை போக வர சுமார் 5,700 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு பதினான்கு கொடுக்கும் வண்டிக்கு 410 லிட்டர் டீசல், ஓசூர்க்காரன் விமானத்தில் வருவதால் மூன்று பேர் பங்கு. சொந்த வெள்ளைப் பலகை வண்டி என்றால் 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளைப் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் பலகை டெம்போ டிராவலருக்கு அது கிடையாது. தில்லிக்குள் நுழையாமல் பல்வலிலிருந்து குண்ட்லி வரை போகும் வெளிச்சுற்றுச் சாலையைப் பிடிக்கவும். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும், காற்று மாசு கூடிய நாட்களில் பி.எஸ். 4 டீசல் வண்டிக்கும் தலைநகரப் பகுதியில் கட்டுப்பாடு உண்டு. கிளம்பும் வாரத்தில் அதைப் பார்த்துவிடுங்கள். மத்தியப் பிரதேச எல்லையில் பெஞ்ச் காட்டுப் பகுதியில் விலங்குகள் கடக்க சாலையையே தூக்கி மேலே கட்டியிருக்கிறார்கள். பகலில் அதைக் கடக்கும்படி நாளை அமைத்திருக்கிறோம்.

இனி ஜம்மு. அங்கிருந்து ஸ்ரீநகருக்குக் காரிலேயே ஏறுவதா? பட்டறைக்காரனுக்கு அதுதான் உயிர். "கடைசிக் கல்லு வரைக்கும் ஓட்டணும்" என்றான். அவன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ராம்பன் பக்கம் மழையிலும் பனியிலும் மண் சரிந்து சாலை மூடுவது வழக்கம். ஒரு நாளில் திறக்கலாம், மூன்று நாளும் ஆகலாம். அந்த மூன்று நாள் எங்கள் ஆறிலிருந்து போகும். அதையும் தாண்டினால், தங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரை கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு டயர் சங்கிலி வேண்டும். தொப்பூரில் நியூட்ரலில் இறக்கினால் என்னாகும் என்று அறிந்த கைகள்தான், ஆனாலும் உறைந்த சாலை வேறு. அந்த மேட்டுக்கு மேல் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து இன்ஜினில் விரிசல் விழும், பாதிக்குப் பாதி கூலண்ட் வேண்டும். சமவெளியில் நிரப்பிய டீசல் மெழுகாகத் திரளும், மலையில் கிடைக்கும் குளிர்கால டீசலுக்கு மாற வேண்டும். ஹேண்ட்பிரேக் இரவில் ஒட்டிக்கொள்ளும், கியரில் நிறுத்த வேண்டும். இத்தனையும் செய்து கொண்டுபோன வண்டி ஆறு நாளும் ஓட்டல் வாசலில் பனிக்கடியில் கிடக்கும். குல்மார்க்கில் எல்லாம் நடக்கும் தூரம்.

2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியது எங்களுக்கு விடையாக அமைந்தது. ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே செனாப் பாலத்தைக் கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறது. வண்டியைப் பனி விழாத ஜம்முவில் நிறுத்திவிட்டு, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்ராவில் ரயில் ஏறுவது, ஸ்ரீநகரில் உள்ளூர் டாக்ஸி. முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறக்கும், அன்றே போட்டுவிட வேண்டும். பட்டறைக்காரனிடம் ஒரு ஒப்பந்தம்: சாலை நன்றாக இருந்தால் திரும்புகிற நாளில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு வரை டாக்ஸியில் நெடுஞ்சாலையிலேயே இறங்குவது, முன்சீட்டு அவனுக்கு.

கூட இரண்டு விஷயம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்ட் வைத்திருங்கள். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

உடம்புக்கு, வாரம் மூன்று நாள் சையத் பாஷா மலைக் கோட்டைக்கு ஏறி இறங்குகிறோம். சறுக்கில் வேலை முழுக்கத் தொடைக்குத்தான், அதனால் இறங்குவதைத்தான் மெதுவாகச் செய்கிறோம்.

ஓசூர்க்காரனுக்கு ஒன்பது நாளுக்கு மேல் விடுப்பில்லை, அவன் பறந்து வந்து ஸ்ரீநகரில் சேர்ந்துகொள்வான். மாந்தோப்புக்காரனுக்குப் பூப்பிடிக்கும் காலம், மருந்தடிப்பு முடியாமல் நகர முடியாது. அவன் சொன்ன கடைசி மருந்தடிப்பு பிப்ரவரி 15. பதினேழாம் தேதி விடிகாலை நான்கு மணிக்கு டோல்கேட்டில் சந்திக்கிறோம்.