மானியமா, கட்டணமா, கடனா: பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பணம் நல்லது?

ஓர் உதவிப் பேராசிரியரை நியமித்தால் முப்பது ஆண்டுகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால் தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் ஒவ்வொரு வகைப் பணத்தையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இதை நம்பி ஒரு நிரந்தர ஆசிரியரை எடுக்க முடியுமா?

முதலில் மாநில அரசின் தொகுப்பு மானியம், அதாவது பல்கலைக்கழகத்தின் செலவுக்கு மொத்தமாகத் தரும் பணம். முப்பது ஆண்டுக் கணக்குக்குப் பொருந்தக்கூடியது இதுதான். மாணவர் எண்ணிக்கை குறைந்த தொல்லியல், தத்துவம் போன்ற துறைகளும் இதனால்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் கணக்குத் தணிக்கையில் எழுந்த ஆட்சேபனையைக் காட்டி மானியத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ அரசால் முடியும். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித்துறை முடக்கியது நினைவிருக்கும். மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருந்தால்தான் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்ற வரிவிலக்கு கிடைக்கும். மானியம் சுருங்கியதும் அந்தத் தகுதியே கேள்விக்குள்ளானது. ஒரு பக்கம் மானியம் குறைய, அதையே காரணமாக வைத்து இன்னொரு பக்கம் வரி கேட்டு நோட்டீஸ் வந்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

அடுத்தது சொந்த வருவாய்: தன்னோடு இணைந்த கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி. கையில் உடனே வரும் பணம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். பல ஆண்டுகள் இதுவே பல்கலைக்கழகங்களைத் தாங்கியது. ஆனால் பெரிய கல்லூரிகள் தன்னாட்சி பெற்றால் தேர்வை அவையே நடத்திக்கொள்ளும். அந்தக் கட்டணமும் அவற்றோடு போய்விடும். தொலைநிலை மையங்களை மாநிலத்துக்கு வெளியே நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கட்டுப்பாடு கொண்டுவந்ததும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்றவை பெருத்த அடி வாங்கின. அங்கே ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளத்துக்குக் காத்திருந்து போராடியதைப் பார்த்தோம்.

இந்த வருவாய் தரத்தை என்ன செய்யும் என்பதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான் பாடம். கட்டணத்தை நம்பி வளர்ந்தது. ஊழியர்களை அளவுக்கு மேல் சேர்த்தது. நிதி நெருக்கடி முற்றி 2013இல் அரசே எடுத்துக்கொண்டது. மிகுதியான ஊழியர்களை வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அப்புறம் 2022இல், அதன் தொலைநிலைப் படிப்புகள் 2014-15க்குப் பிறகு அனுமதி இல்லாமல் நடக்கின்றன என்று யுஜிசி அறிவித்தது. பாதிக்கப்பட்டது பட்டம் வாங்கிய பிள்ளைகள். அதே வளாகத்து மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் ஆண்டுக் கட்டணம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியதும் கட்டணம் 13,610 ரூபாய் ஆனது. கல்லூரி அதேதான்; யார் பணம் கட்டுகிறார்கள் என்பது மட்டும் மாறியதில் எத்தனை குடும்பங்களுக்கு வாசல் திறந்தது!

மாணவர் கட்டணத்திலேயே நடக்கும் சுயநிதிப் படிப்புகள் இதன் தம்பி. சேர்க்கை இருக்கும்வரை பணம் வரும். அதனால் தொகுப்பூதியத்திலோ, வகுப்புக் கணக்கிலோதான் ஆசிரியர் எடுப்பார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று யுஜிசி 2019இல் சொன்னது. அந்த அளவுகூடக் கிடைக்காதவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் ஐந்தாண்டு ஓடும் முனைவர் பட்ட ஆய்வை எப்படி நெறிப்படுத்துவார்? நான் முதுகலை படித்த துறையில் அன்று ஏழு நிரந்தர ஆசிரியர்கள். அண்மையில் போனபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

2013இல் வந்த, மாநிலங்களின் உயர்கல்விக்கான மத்தியத் திட்டமான ரூசா போன்ற திட்ட நிதி கட்டடத்துக்கும் கருவிக்கும் நல்லது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு போட்டார்கள். ஆய்வகம் வந்துவிடும், அதில் நின்று சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு நீண்டகாலச் சம்பளம் அதில் வராது. 2017இல் தொடங்கிய, உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கடன் தரும் ஹெஃபா அமைப்பின் கடன் பெரும்பாலும் மத்திய நிறுவனங்களுக்கானது. எப்படியும் அசலைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். அரசு தாங்காத பங்கு கடைசியில் கட்டணத்தில்தான் ஏறும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பேன்? சம்பளமும் ஓய்வூதியமும் முழுக்க மாநில மானியத்தில். தேர்வுக் கட்டணமும் தொலைநிலை வருவாயும் நூலகம், ஆய்வு உதவித்தொகை, விடுதிக்கு. தணிக்கையில் தவறு இருந்தால் செய்தவரிடம் வசூலிக்கட்டும்; அதற்காக மொத்தப் பல்கலைக்கழகத்தின் மானியத்தையும் பிடித்து வைக்கக் கூடாது.